கைக்கு ஒரு வேலை

சிங்கப்பூரில், பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்தின் பதிவு முகப்பில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பாட்டி மாதம் தவறாமல் வருவார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து. "அடையாள அட்டை கொடுங்க பாட்டி" என்று கேட்டால், சுருக்குப் பையிலிருந்து அட்டையை எடுத்து, முந்தானையால் முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை துடைத்துவிட்டு அப்புறம்தான் நீட்டுவார். அட்டையில் தூசியே இருக்காது. ஆபீசில் இருக்கிற பிள்ளை கையில் கொடுக்கிறோம், சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மரியாதை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் எனக்கு ஒரு காட்சி வந்தது. மகன் போலீசில் மாட்டிக்கொண்டிருக்கிறான். அம்மா காவல் நிலையத்துக்கு ஓடி வருகிறாள். "எம் பையன் எங்க சார்?" என்ற ஒரே வரிதான் எனக்கு. எதிரில் இருக்கும் அதிகாரி அடையாள அட்டை கேட்பார், நான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் அட்டையை முந்தானையில் துடைத்தேன். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. இயக்குநர் 'கட்' சொல்லவில்லை. முடிந்ததும் கேமராக்காரர் கிட்டே வந்து, "அக்கா, அதை இன்னொரு தடவை செய்யுங்க, கையை மட்டும் தனியா எடுத்துக்கிறேன்" என்றார்.

அது ஒளியேறிய வாரம் தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனேன். மீன்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "அட்டையைத் துடைச்சுக் குடுத்தீங்களே, எங்கம்மாவும் அப்படித்தான்" என்றார். நான் பேசிய அந்த ஒரே வரியை அவர் சொல்லவே இல்லை. யாருமே சொல்லவில்லை.

குணச்சித்திர வேடம் செய்ய வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நமக்கு வசனம் கொஞ்சம். அதற்காக வருத்தப்பட வேண்டாம். கைக்கு ஒரு வேலை கொடு, அந்த வேலையை நிஜமாகவே செய்கிற ஒருவரிடமிருந்து கற்றுக்கொள்.

எனக்கு இப்போது 63 வயது. 1984-ல் மேடையில் தொடங்கினேன். கேனிங் ரைஸில் இருந்த பழைய நாடக அரங்கில் முதல் வேடம், மூன்று நிமிடம். இரண்டு ஆண்டு கழித்துத் தொலைக்காட்சி. கதாநாயகியாக ஒரு நாளும் நடித்ததில்லை. அம்மா, அத்தை, மாமியார், தாதி, பக்கத்து வீட்டுக்காரி, பள்ளி முதல்வர், இப்போது பாட்டி. சிங்கப்பூரில் தமிழில் நடித்து மட்டும் குடும்பம் நடத்துவது மிகச் சிலருக்கே முடிந்திருக்கிறது. என்னோடு நடித்தவர்களில் ஆசிரியர் இருந்தார், டாக்சி ஓட்டியவர் இருந்தார், கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் இருந்தார். நான் மருந்தகத்தில் இருந்தேன். ஆண்டு விடுமுறை மொத்தமும் படப்பிடிப்புக்கே போய்விடும். வீட்டுக்காரர் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தக் கடன் எனக்கு இன்னும் இருக்கிறது.

முதல் நாள் படப்பிடிப்பு கால்டிகாட் குன்றில் இருந்த ஒளிபரப்பு நிலையத்தில். அப்போது சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் என்று பெயர். தமிழ் நிகழ்ச்சிகள் எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும். ஸ்டூடியோவுக்குள் சுவர் இல்லாத வீடு ஒன்றைக் கட்டி வைத்து, மூன்று கேமராக்களை நிறுத்தியிருந்தார்கள். நான் மேடைக்காரி. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாயைத் திறந்தேன். ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உடன் நடித்த ஒரு மூத்தவர், மேடையிலும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பையன் உன் பக்கத்துலதாம்மா நிக்கிறான். அவனுக்குக் கேட்டாப் போதும்."

அன்றிலிருந்து குரலுக்கு எனக்கு ஒரே கணக்குதான். யாரிடம் பேசுகிறேனோ அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? அவ்வளவு குரல் போதும். மைக்கைப் பற்றி நான் யோசிப்பதில்லை, அதை யோசிக்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

31 வயதில் முதல் முறையாகக் கதாநாயகனுக்கு அம்மா. அவருக்கு அப்போது 27. வீட்டுக்கு வந்து அழுதேன். அதே மூத்தவர்தான் போனில் வி.கே. ராமசாமியைப் பற்றிச் சொன்னார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் கிழவராக நடித்தபோது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அவர் திரையில் இருந்தார். "சின்ன வயசுல கிழவி வேஷம் கிடைக்கிறவளுக்கு வயசானாலும் வேலை இருக்கும். நரையை மேக்கப் பண்றவங்க பாத்துப்பாங்க, நீ முழங்காலைப் பாரு" என்றார்.

முழங்காலை நான் மருந்தகத்தில் பார்த்தேன். காத்திருக்கும் இடத்தில் எண் அழைத்ததும் முதியவர்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று நாள் முழுவதும் பார்க்கலாம். முதுகை வளைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, 'அம்மாடி' என்று முனகி எழுவது மேடைக் கிழவி. நிஜத்தில் அவர்கள் முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்வார்கள். பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். ஒரு கை நாற்காலியின் கைப்பிடிக்கும், இன்னொரு கை தொடைக்கும் போகும். எழுந்ததும் உடனே நடக்கமாட்டார்கள். ஒரு நொடி அப்படியே நிற்பார்கள், தலை சுற்றுகிறதா என்று பார்ப்பதுபோல். அந்த ஒரு நொடிதான் வயது. 31 வயதில் அதைச் செய்தேன். இப்போது செய்ய வேண்டியதில்லை, தானாக வருகிறது.

படம் பார்த்துக் கற்றதும் நிறைய. டெல்லி கணேஷ் எனக்குப் பாடநூல் மாதிரி. இந்திய விமானப்படையில் பத்து ஆண்டு இருந்து, டெல்லியில் நாடகமும் போட்டு, 1977-ல் கே. பாலசந்தரின் 'பட்டினப்பிரவேசம்' வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். வேறு வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் என்பதாலேயே எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். 400 படங்களுக்கு மேல் நடித்து, 2024 நவம்பரில், 80 வயதில் காலமானார். அவர் பேசாமல் இருக்கும் இடங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும், அடுத்து நம் வரி என்று காத்திருக்கும் முகமாக அது இருக்காது. அந்த வார்த்தை காதில் விழுந்து, உள்ளே போய், ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு வருவது தெரியும். இதற்கு நான் கண்டுகொண்ட வழி, என் வரியை மட்டும் மனப்பாடம் செய்யாமல் எதிராளியின் வரியையும் படிப்பது. அவர் வரியை என் கைப்பேசியில் என் குரலிலேயே பதிந்து, சமைக்கும்போது ஓடவிட்டு, இடைவெளியில் என் வரியைச் சொல்வேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே தடுமாறாமல் வந்துவிட்டால் வரி உடம்பில் ஏறிவிட்டது என்று பொருள்.

அழுகையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அதில் நான் இழந்தது பெரிது.

என் அம்மா 1997-ல் காலமானார். அடுத்த ஆண்டு ஒரு தொடரில் மகள் இறந்த செய்தி கேட்டு நான் அழ வேண்டும். கிளிசரின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தை நினைத்தேன். மருத்துவமனையில் கடைசி நாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தில், என்னைப் பார்த்து "சாப்டியா?" என்று கேட்ட முகம். கண்ணீர் கொட்டியது. எல்லாரும் பாராட்டினார்கள். தூரத்திலிருந்து ஒரு முறை, கிட்டத்திலிருந்து ஒரு முறை, மைக் நிழல் விழுந்ததால் மறுபடி ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அந்த முகத்தை அழைத்தேன். நான்காவது முறை முகம் வந்தது, அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் தனியாக அம்மாவை நினைத்தாலும் ஜன்னல் வெளிச்சத்துக்குப் பதில் ஸ்டூடியோ விளக்குதான் முன்னால் வந்து நின்றது. திரும்ப அந்தக் காலை எனக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. முழுதாகக் கிடைத்ததா என்றால், இல்லை.

உங்கள் சொந்தத் துக்கத்தைக் காட்சிக்குச் செலவழிக்காதீர்கள். யார் என்ன பயிற்சி முறை சொன்னாலும் சரி, இதில் நான் பிடிவாதக்காரி.

அதற்குப் பதில் என்ன செய்வது? அங்கேயும் கைதான் காப்பாற்றியது. பிறகு வந்த ஒரு தொடரில், கணவர் விபத்தில் இறந்ததை மைத்துனர் வந்து சொல்லும் காட்சி. ஹாலில் சும்மா உட்கார்ந்திருப்பதாக எழுதியிருந்தது. இயக்குநரிடம் கேட்டு, தரையில் தாளை விரித்து நெத்திலி ஆய்கிறேன் என்று மாற்றிக்கொண்டேன். தலையைக் கிள்ளி, அதோடு வரும் கறுப்புக் குடலை எடுத்துப் போட்டு, உடலைக் கிண்ணத்தில் போட வேண்டும். நிஜ நெத்திலி, வாசனையோடு. மைத்துனர் செய்தி சொல்கிறார். நான் கையை நிறுத்தவில்லை. ஒரு நெத்திலி. இன்னொன்று. மூன்றாவதின் தலையைக் கிண்ணத்தில் போட்டேன், உடலைக் குப்பையில் போட்டேன். அதைப் பார்த்தேன். குனிந்து, தப்பாகப் போட்ட தலையைக் கிண்ணத்துக்குள் தேடினேன். அவ்வளவுதான். நான் அழவில்லை. விளக்குப் பிடித்த பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எத்தனை முறை எடுத்தாலும் நெத்திலி இருந்தால் போதும், என் அம்மாவைக் கூப்பிட வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் காட்சிக்கு ஒரு சின்ன அறிவுரை. முதல் டேக்கில் பசியோடு வாய் நிறையச் சாப்பிட்டால், அதே வேகத்தில் கடைசி டேக் வரை சாப்பிட்டாக வேண்டும். எந்தச் சொல்லில் கை வாய்க்குப் போனது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே சொல்லில் போக வேண்டும். இல்லாவிட்டால் படத்தொகுப்பில் ஒட்டாது, உங்கள் நல்ல டேக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே பிசையுங்கள், உருட்டுங்கள், அடுத்தவர் தட்டில் பரிமாறுங்கள், வாய்க்குப் போவது மட்டும் சிறிதாக இருக்கட்டும். கோப்பையில் கோப்பி எவ்வளவு இருந்தது என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

மொழி. நான் வந்த காலத்தில் தொலைக்காட்சி நாடகத்தில் பாதி நூல் நடையில் பேசுவோம். அடுக்குமாடி புளோக் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு மகனிடம் "எங்கே சென்று வருகிறாய்?" என்பேன். பிறகு பேச்சுத் தமிழ் வந்தது, நிம்மதியாக இருந்தது. இப்போது வேறு ஒரு சங்கடம். இளம் நடிகர்கள் பலர் சென்னைத் தொடர்களைப் பார்த்து அந்த ஊர்ப் பேச்சைப் பேசுகிறார்கள். வெளியே போய்க் கடைக்காரரிடம் பேசும்போது வேறு தமிழ், கேமரா முன் வேறு தமிழ். சிங்கப்பூரின் ஈசூனில் வளர்ந்த பிள்ளை, ஈசூனில் வளர்ந்த பாத்திரத்துக்கு மயிலாப்பூரை ஏன் தேட வேண்டும்? வெள்ளி என்று சொல்லுங்கள், டாலர் வேண்டாம். சந்தைக்குப் பாசார் என்று வந்தால் வரட்டும். வாக்கியக் கடைசியில் ஒரு 'லா' தானாக விழுந்தால் இயக்குநரிடம் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். நம் தாத்தா பாட்டிகள் இந்தத் தீவில் மலாய்க்காரரோடும் சீனரோடும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்து சேர்த்த தமிழ் இது. இதைத் திரையில் பேசுவதற்கு நாம்தான் இருக்கிறோம்.

2008-ல் எனக்கு இரட்டைச் சந்தோஷம். எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்', தமிழ் பேசும் சிங்கப்பூர்ப் படம், கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. நாயகனாக நடித்த போஸ்கோ ஃபிரான்சிஸ் அடிப்படையில் ஒரு மேஜிக் கலைஞர். அதே ஆண்டு அக்டோபரில் எங்கள் தமிழ்த் தொலைக்காட்சி வசந்தம் முழு ஒளிவழியாக வந்தது. நாளில் சில மணி நேரத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு முழு ஒளிவழி. எங்களைப் போன்ற பக்க வேடக்காரர்களுக்கு அழைப்பு கூடியது. பிறகு கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பர்ட்' 2016-ல் கானுக்குப் போனபோதும் அப்படித்தான், எனக்குச் சம்பந்தமே இல்லாத படத்துக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன்.

அழைப்பு கூடியபோது கணக்கும் கூடியது. இதில் நான் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டேன். ஒரு தயாரிப்பு நிறுவனம் எனக்கும் இன்னும் சிலருக்கும் பல மாதம் பணம் தரவில்லை. ஒப்பந்தம் எதுவும் இல்லை. "அக்கா, வந்துடுங்க, பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னதை நம்பிப் போயிருந்தோம். என்னோடு நடித்த பெண்ணுக்கு அந்தப் பணம் வீட்டு வாடகை. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாள்.

பழைய குறுஞ்செய்திகளைத் தேடி எடுத்தோம். எந்தத் தேதியில் வரச் சொன்னார்கள், எத்தனை மணி வரை இருந்தோம், எவ்வளவு என்று பேசினார்கள் என்று ஒரு தாளில் எழுதினோம். செய்த வேலைக்குக் கூலி தராவிட்டால் சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். அந்தத் தாளை அனுப்பி, இந்தத் தேதிக்குள் வராவிட்டால் அங்கே போகிறோம் என்று மரியாதையாக எழுதினோம். பணம் வந்தது.

அதிலிருந்து, யார் கூப்பிட்டாலும் போனை வைத்ததும் நானே ஒரு செய்தி அனுப்பிவிடுவேன்: "தம்பி, பேசியபடி, இந்த இரண்டு நாள், ஒரு நாளைக்கு இவ்வளவு, பணம் இத்தனை நாளுக்குள். சரிதானே?" 'சரி அக்கா' என்று பதில் வந்தால் அது என் ஒப்பந்தம். நட்பு கெடும் என்று பயப்பட வேண்டாம், எனக்கு இதனால் ஒருவர் நட்பும் கெட்டதில்லை. நடித்து வரும் வருமானத்துக்கு மத்திய சேமநிதியில் யாரும் நமக்காகப் பணம் போடமாட்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் வந்தால் மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவுக்கு நாமேதான் கட்ட வேண்டும். புடவை சலவைக்கும் இரவு டாக்சிக்கும் ரசீதை நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன், வரிக் கணக்கு நேரத்தில் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை.

கால்டிகாட் இப்போது இல்லை. ஒளிபரப்பு நிலையம் ஒன் நார்த்துக்குப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. கேமரா கைக்குள் அடங்குகிறது, படப்பிடிப்பு பெரும்பாலும் நிஜ வீடுகளில்தான். மேலே விமானம் போகும், பக்கத்தில் ரயில் போகும், கீழ்த்தளத்தில் பந்து விளையாடுவார்கள், காத்திருந்து எடுக்கிறார்கள். காத்திருப்பு அப்போதும் இப்போதும் ஒன்றுதான். மடக்கு நாற்காலி, தைலம், சால்வை, ஊசி நூல், கூடுதலாக இரண்டு பொட்டு அட்டை. இவை இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

அடுத்த வியாழக்கிழமை எனக்குப் பூக்காரப் பாட்டி வேடம். நான்கு காட்சி, ஏழு வரி. இரண்டு வாரமாகப் பஃபலோ சாலையில் ஒரு பூக்கடையில் காலையில் போய் உட்கார்கிறேன். கடைக்கார அம்மா என்னைவிட இளையவர். மல்லிகை இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்பு காம்பைப் பார்க்க வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, காம்புக்குள் ஏற்றி இழுக்க வேண்டும். முதல் நாள் நான் இழுத்த இழுப்பில் காம்பெல்லாம் அறுந்தது. மறுநாள் தளர விட்டேன், தூக்கியதும் பூ உதிர்ந்தது. அவர் கையைப் பார்க்காமலே கட்டுகிறார். வாடிக்கையாளரிடம் சில்லறை பேசுகிறார், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளைத் திட்டுகிறார், நூல் அதுபாட்டுக்கு ஓடுகிறது.

நேற்று அரை முழம் கட்டினேன், குனியாமல், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு பூவும் விழவில்லை. அதை மற்றச் சரங்களோடு கொக்கியில் மாட்டிவிட்டார். பத்து மணிக்குள் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.